உப்புச் சாக்கில் கட்டிய கரி

சீனித்தாய் கரி சலித்துக்கொண்டிருந்தாள். ஆறுமுகநயினார் வீட்டுப் பின்பக்கம், கார் கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில் கிடந்த வெட்டவெளியில், வெயில் ஏறுமுன் தொடங்கிவிடுகிற வேலை அது. பெரிய கட்டிகளைக் கருங்கல்லின்மேல் வைத்துக் கட்டையால் தட்டவேண்டும். ஓங்கி அடித்தால் தூளாகிவிடும். பயந்து தட்டினால் உடையாது. கொட்டைப்பாக்கை விடப் பெரிதாகவும் எலுமிச்சங்காயை விடச் சிறிதாகவும் விழுகிற துண்டுதான் காருக்கு ஆகும். மிச்சத்தைச் சல்லடை கீழே தள்ளிவிடும். அந்தத் தூளைச் சாணியோடு பிசைந்து உருட்டிக் காயவைத்துத் தன் அடுப்புக்கு வைத்துக்கொள்வாள்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் என்று ஆனபிறகு ஆறுமுகநயினாரின் செவர்லெ கரியில்தான் ஓடியது. காரின் பின்னால், ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம்மைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, கையால் சுற்றுகிற விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் புகை ஒன்று கிளம்பும். அந்தப் புகை குழாய் வழியே போய் எஞ்சினை ஓட்டும். டிரைவர் பிச்சையா அதைக் ‘கேஸ்’ என்பான். சீனித்தாய்க்கு அது அடுப்புதான். அடுப்புக்கு வேண்டிய கரியைப் பக்குவம் செய்து, சாம்பலை வாரி, குழாயில் அடைத்த கரிப்பிசினைத் துணியால் துடைத்து எடுப்பது அவள் வேலை. பிச்சையா அவள் புருஷன்.

இந்த வேலைக்குக் கூலி என்று தனியாக எதுவும் இல்லை. கார் கொட்டகைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓர் அறை இருந்தது. அதில் இருந்துகொள்ளலாம். அதுதான் கூலி.

அந்த அறையைப் பார்த்தவர்கள் அதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். பாதிச் சுவர் வரை பெட்ரோல் கறை. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகும். ஆனால் கதவு இருந்தது; கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. உடன்குடிப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஊரில் பிறந்து, ஒற்றைப் பனையோலைக் குடிசையில் ஏழு பேரோடு படுத்து எழுந்து, கல்யாணமாகி வந்தபின் பிச்சையாவின் அண்ணன் வீட்டு மூலையில் ஒரு சேலையைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு நான்கு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். சேலைக்கு அந்தப்பக்கம் மூத்தாரின் இருமலும், ஓரகத்தியின் சிரிப்பும். தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிய முதல் நாள், நடுவில் விழித்து எழுந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தாள். முப்பது வயசுக்குள் அவள் தன் கையால் சாத்திய முதல் கதவு அது. கார் கரியில் ஓடுகிறவரைக்கும் அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கரியை அவள் அரிசி புடைப்பதுபோலப் பார்த்துப் பார்த்துச் சலித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறுமுகநயினார் வீட்டு வாசலில் மூன்று கார்கள் நிற்கும். உப்பள முதலாளியான அவருடைய செவர்லெ ஒன்று. நாசரேத்துக்காரர் ஞானதீபம், பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்குச் சொந்தக்காரர், அவருடைய ஃபோர்டு ஒன்று. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்க்கிற கிருபாநிதியின் சின்ன ஆஸ்டின் ஒன்று. மூவரும் முன் ஹாலில் உட்கார்ந்து காரைத் தவிர வேறு எதையும் பேசமாட்டார்கள். யுத்தத்தைப் பேசினால்கூட அதில் எந்தச் சேனை எந்த லாரியில் போகிறது என்றுதான் வந்து நிற்கும். ஹாலின் பக்கவாட்டு ஜன்னல் கார் கொட்டகையைப் பார்க்க இருந்ததால் அந்தப் பேச்சு முழுவதும் சீனித்தாயின் காதில் விழும்.

“கரியில ஓடுறதெல்லாம் ஒரு வண்டியா வே?” என்பார் ஞானதீபம். “அடுப்புக்கு நாலு சக்கரம் மாட்டி வச்சிருக்கீரு. பின்னால ஒரு சட்டியையும் ஏத்தி வச்சேருன்னா போற வழியில சோறும் பொங்கிரலாம்.”

“உம்ம ஃபோர்டுக்கு ஊத்த பெட்ரோலுக்கு நீரு யாரு யாரு காலப் புடிக்கேருன்னு ஊருக்கே தெரியும்” என்பார் ஆறுமுகநயினார். “நான் யாரு வாசல்லயும் போய் நிக்கல. உடங்கட்டைய வெட்டிச் சுட்டாக் கரி. காடு இருக்க மட்டும் என் வண்டி ஓடும்.”

“ரெண்டு பேரும் செத்த கேளுங்க” என்று கிருபாநிதி நடுவே வருவார். “நம்ம ஊருச் சந்துக்குள்ள திருப்பமுடியாத வண்டி எதுக்கு? என் ஆஸ்டின் ஒரு காலன்ல நாப்பது மைல் போவுது. கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்துக்கிட்டா...”

“உம்ம ஆஸ்டின் போற போக்குல, பின்னால சைக்கிள்ல வாரவன் மணியடிச்சு ஒதுங்கச் சொல்லுதான் வே!” என்பார் ஆறுமுகநயினார்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு ஞானதீபம் வேகத்தைப் பற்றி ஆரம்பிப்பார். அவருக்கு அது ஒரு பக்தி.

“நாப்பதுல போனா ரோட்டுல உள்ள குழிய எல்லாம் எண்ணிக்கிட்டே போவணும். அறுபதத் தாண்டிப் பாரும். வண்டி மெதக்கும். குழி இருக்கதே தெரியாது. அதுதான் வண்டிக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.”

“அறுபதுல போகயில ஆடு குறுக்க வந்தா?” என்று ஒரு தடவை கிருபாநிதி கேட்டார்.

“வந்துதே! போன மாசம் புதுக்கோட்டைகிட்ட வந்துது. ஆட்டுக்காரி கையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா. நான் நிக்கவே இல்லையே. நின்னா அந்த ஓட்டம் மறுபடி வருமா? கண்ணாடியில பாத்தேன். ஆட்ட மடியில போட்டுக்கிட்டு ரோட்டுல உக்காந்திருந்தா. நல்ல வெள்ளாடு.”

அதற்கும் சிரித்தார்கள். சீனித்தாய் கொட்டகையில் சாம்பலை வாரிக்கொண்டிருந்தவள், ஆட்டுக்காரி எந்த ஊர்க்காரியோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு முற்றியது. கரியில் ஓடுகிற கார் ஐம்பதைத் தொடாது என்று ஞானதீபம் சொன்னார். தொடும் என்று ஆறுமுகநயினார் சொன்னார். அவருக்கே அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை. அதனால் பிச்சையாவைக் கூப்பிட்டார்.

“ஏலே பிச்சையா, இங்கன வா. நீ சொல்லுல. நம்ம வண்டி கரியில எவ்வளவு போவும்?”

பிச்சையா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்து நின்றான். ஒல்லியான மனுஷன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நெஞ்சு அகலமாகும். முதலாளிகள் நடுவே தன்னை ஒரு கேள்வி கேட்டுவிட்டார்கள் என்பதே அவனுக்குப் போதையாக இருந்தது.

“அம்பது என்ன மொதலாளி, கரி மட்டும் நல்லா இருந்தா அம்பத்தஞ்சுலயும் புடிப்பேன். ஃபோர்டு முன்னால போனா அதோட தூசி என் கண்ணாடியில படாது. ஏன்னா நான் முன்னால போயிருப்பேன்.”

“அப்படிப் போடு!” என்று கிருபாநிதி தொடையில் தட்டினார்.

பந்தயம் அங்கேயே முடிவாயிற்று. வருகிற ஞாயிறு காலை மூணாம் மைலிலிருந்து வல்லநாட்டு ஏற்றம் வரை. ஏற்றத்தின் உச்சியை யார் முதலில் தொடுகிறார்களோ, அவருக்குத் தோற்றவரின் அந்த மாதப் பெட்ரோல் கூப்பன். ஆறுமுகநயினார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு இன்னொன்றும் சொன்னார்.

“கேட்டுக்க பிச்சையா. தோத்தேன்னா இந்தக் கரிச் சனியனக் கழட்டி எறிஞ்சிருவேன். யுத்தம் முடியிற வரைக்கும் வண்டியக் கட்டை மேல ஏத்தி நிறுத்திருவேன். வண்டி ஓடாத வீட்டுல டிரைவருக்கு என்ன சோலி? ஒம் பாட்டப் பாத்துக்க வேண்டியதுதான். என்னல?”

“அதுக்கு அவசியமே வராது மொதலாளி” என்றான் பிச்சையா.

கொட்டகையில் சீனித்தாயின் கை நின்றது. அன்று அறைக்கு வந்த புருஷனிடம், “எதுக்கு அப்படிப் பெருசாச் சொன்னிய?” என்று கேட்டாள். “ஒனக்கு என்னளா தெரியும் வண்டியப் பத்தி? நீ கரியப் பாரு” என்றான்.

அவள் கரியைப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க வேறு எதையும் பார்க்கவில்லை. உடைமரக் கரியில் நல்லதாகப் பொறுக்கி, தட்டி, இரண்டு தரம் சலித்து, மழை விட்ட நேரமெல்லாம் பாயில் பரப்பிக் காயவைத்து, தூறல் விழுந்தால் அள்ளி அறைக்குள் கொண்டுபோய்த் தன் படுக்கும் இடத்தில் கொட்டினாள். வியாழக்கிழமை எல்லாம் தயாராக இருந்தது. கட்டி வைக்கச் சாக்கு இல்லை. யுத்தத்தில் சணல் சாக்கு கிடைப்பது அருமையாகிவிட்டது. இருந்த பழைய சாக்குகள் நைந்து போயிருந்தன. கொட்டகைக்கு வந்த ஆறுமுகநயினாரிடம் பிச்சையா தலையைச் சொறிந்தான்.

“சாக்குக்கா பஞ்சம்? நம்ம கிட்டங்கியில உப்புச் சாக்கு கெடக்குல்லா. அதுல நாலு எடுத்துக் கட்டுங்க” என்றார் அவர்.

சாக்குகள் வந்தன. உள்பக்கம் தடவினால் உள்ளங்கை வெள்ளையாயிற்று. “மொதலாளி, உப்பு ஒட்டிக்கிட்டிருக்கு. அலசிக் காயப்போட்டுட்டுக் கட்டட்டா?” என்று கேட்டாள் சீனித்தாய். முதலாளியிடம் அவள் நேராகக் கேட்ட கேள்விகள் இங்கே வந்ததிலிருந்து ஒரு கையளவுகூட இருக்காது.

“இந்த மழைக்குள்ள அலசினா என்னைக்குக் காயும்? அப்படியே கட்டு. உப்பத் தின்னா வண்டி செத்தா போவும்? நம்ம சோறே உப்புலதான் ஓடுது!” என்று சொல்லிச் சிரித்தார் முதலாளி. பக்கத்தில் நின்ற பிச்சையாவும் சிரித்தான். கிணற்றடியில் பித்தளைச் செம்பு விளக்கிக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி சண்முகவடிவு நிமிர்ந்து பார்த்துவிட்டு, தானும் கொஞ்சம் சிரித்தாள்.

அப்படியே கட்டினாள்.

மறுநாள் எடைப் பிரச்சினை வந்தது. காரின் பின்னால் டிரம்மைக் கவனித்துக் கரி போட ஒரு ஆள் கூடப் போயாகவேண்டும். முன்பிருந்த கிளீனர் பட்டாளத்துக்குப் போய்விட்டான். உப்பளத்து ஆள் ஒருவனைக் கூட்டிக்கொள்ளலாம் என்றால், உப்புச் சுமக்கிறவர்கள் எல்லாம் வாட்டசாட்டமானவர்கள். ஏற்றத்தில் ஒவ்வொரு ராத்தலும் காலைப் பிடித்து இழுக்கும் என்று கிருபாநிதி எச்சரித்திருந்தார். பின் சீட்டைக் கழற்றி எறிந்தாயிற்று. மாற்றுச் சக்கரத்தையும் கழற்றியாயிற்று. அப்போதுதான் ஆறுமுகநயினார் சீனித்தாயை மேலும் கீழும் பார்த்தார்.

“இவ எவ்வளவு இருப்பா?”

கிட்டங்கியில் உப்பு நிறுக்கிற பெரிய தராசு, உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கியது. சுமையாள்கள் பத்துப்பன்னிரண்டு பேர் மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஞானதீபமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஒரு தட்டில் ஒரு மூட்டை உப்பை ஏற்றினார்கள்.

“ஏறுளா” என்றான் பிச்சையா.

“நான் ஏறணுமா?”

“பெறகு நானா? மொதலாளி காத்துக்கிட்டு நிக்காவ, ஏறு.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சங்கிலியைப் பிடித்து அவள் தட்டில் குந்தினாள். தட்டு அசைந்து சுற்றியது. சுமையாள்களைப் பார்த்தபடி அரைவட்டம், சுவரைப் பார்த்தபடி அரைவட்டம். உப்பு மூட்டை சரேலென்று கீழே இறங்க, அவள் மேலே போய் நின்றாள்.

“ஒரு மூட்டை உப்புக்குக்கூடக் காணமாட்டேங்காளே!” என்று ஞானதீபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “என்னல பிச்சையா, சோறு போடுதியா, கரியத்தான் போடுதியா?”

“கரிதான் மொதலாளி. நெறத்தப் பாத்தாத் தெரியலையா?” என்றான் பிச்சையா. எல்லாரையும் விட அந்தச் சொல்லுக்குத்தான் சுமையாள்கள் அதிகம் சிரித்தார்கள்.

உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி எடுத்துத் தட்டைச் சமமாக்கினார்கள். அவ்வளவு நேரமும் அவள் சங்கிலியைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தாள். எடை எல்லாருக்கும் திருப்தி. ‘கிளீனர்’ முடிவாயிற்று. இறங்கும்போது ஒரு கால் மரத்திருந்தது. யாராவது கை கொடுப்பார்கள் என்று ஒரு கணம் நின்றவள், பிறகு தானே குதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. கீழ்க்காற்று மட்டும் ஈரமாக வீசியது. கரிச் சாக்கைத் தூக்கியபோது முன்பைவிடக் கனமாக இருந்ததுபோல் சீனித்தாய்க்குத் தோன்றியது. சாக்கின் அடிப்புறம் வியர்த்திருந்தது. “சாக்கு நசநசன்னு இருக்கு” என்றாள். “இப்ப வந்து சொல்லு!” என்று பிச்சையா பல்லைக் கடித்தான். சாக்கு ஏறியது. அவளும் ஏறினாள். சீட்டு இல்லாத பின்பக்கத்தில் வெறும் பலகையில், சாக்கோடு சாக்காக உட்கார்ந்தாள். முன்னால் முதலாளியும் பிச்சையாவும்.

நடுவராக இருக்க ஒத்துக்கொண்ட கிருபாநிதி, தம்முடைய ஆஸ்டினில் வல்லநாட்டுக்கு மற்றவர்களுக்கு வெகுநேரம் முன்பே கிளம்பிப் போய்விட்டார். அதற்கு ஒரு சிரிப்பு.

மூணாம் மைலில் இரண்டு கார்களும் ஒன்றாகக் கிளம்பின. முதல் சில மைல்கள் செவர்லெ நன்றாகத்தான் ஓடியது. உடைமரங்களும் வெள்ளம் நின்ற பள்ளங்களும் பின்னால் ஓடின. சீனித்தாய் அதற்கு முன் காரில் உட்கார்ந்து போனதே இல்லை. துடைத்திருக்கிறாள், கழுவியிருக்கிறாள், அவ்வளவுதான். கொஞ்ச தூரத்தில் பலகையின் தடதடப்பு சட்டென்று குறைந்தது. உடம்பு லேசாகிக் காற்று காதை அடைத்தது. மிதக்கும் என்று ஞானதீபம் சொல்வது இதுதான் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தான் உடைத்த கரி, தான் சலித்த கரி, இவ்வளவு பெரிய வண்டியை இப்படித் தூக்கிக்கொண்டு போகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்பது மொதலாளி! அம்பது!” என்று பிச்சையா கத்தினான்.

ஞானதீபம் அவர்களைத் தாண்டவில்லை. தாண்டமுடியாமல் இல்லை. பக்கத்தில் வந்து ஹாரன் அடிப்பார், பின்வாங்குவார், மறுபடி வந்து கையை ஆட்டுவார். பூனை விளையாடுகிற மாதிரி அவர் விளையாடிக்கொண்டே வந்தார். வாகைக்குளம் தாண்டியதும் செவர்லெ இரும ஆரம்பித்தது. ஃபோர்டு ஒரு நீண்ட ஹாரனோடு போயே போய்விட்டது. வல்லநாட்டு மலை எதிரே பெரிதாகத் தெரிகிற இடத்தில் எஞ்சின் திணறி, கார் நடையாகிப் பிறகு நின்றது.

“என்னல, என்ன?”

“கேஸ் வரல மொதலாளி. டிரம்முல கரி எறங்காம மேலயே நிக்கி. ஏளா, எறங்கு! மூடியத் தொற! கம்பியப் போட்டுக் குத்து!”

டிரம் மூடியைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. பிச்சையாவே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொளுவியைத் தளர்த்தி, மூடியை ஒரு விரற்கடை மட்டும் தூக்கி விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். உள்ளே அடைபட்ட புகை வெளியேற நேரம் கொடுக்கவேண்டும். அவள் கொளுவியைத் தளர்த்திவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“என்ன சிலையாட்டம் நிக்கா? தொறக்கச் சொல்லுல!” என்று முன்சீட்டிலிருந்து முதலாளி கத்தினார். “அங்கன அவன் மேல போய் நின்னு சிரிக்கான்!”

“தொறளா மூதி! வெரசாத் தொற!”

திறந்தாள். பொத்தென்று ஒரு சத்தம். மஞ்சளாக ஒரு சுவாலை அவள் உயரத்துக்கு எழும்பி அடங்கிவிட்டது. வலி உடனே தெரியவில்லை. முடி பொசுங்கிய நாற்றம்தான் முதலில் வந்தது. ஒரு கண்ணைத் திறக்க முடிந்தது. அந்த ஒரு கண்ணோடு கம்பியை எடுத்து அவள் டிரம்முக்குள் குத்தினாள். கரி பாறையாட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. குத்திக்கொண்டே இருந்தாள். அவளுடைய அறை அந்த டிரம்முக்குள் எங்கேயோ அடைத்துக்கொண்டு நிற்பதுபோலக் குத்தினாள்.

கடைசியில் கார் ஏற்றத்தில் ஏறியது. ஏறியது என்று மரியாதைக்குச் சொல்லலாம். பிச்சையா ஸ்டியரிங்கில் இருக்க, வழியில் மாட்டு வண்டி ஓட்டி வந்த இரண்டு பேரும் சீனித்தாயும் தள்ளினார்கள். உச்சியில் ஃபோர்டின் மூக்கில் சாய்ந்து நின்று ஞானதீபம் சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்டின் பக்கத்தில் நின்றது.

“வாரும் வே, வாரும்! நாங்க கீழ எறங்கி ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாம்னு இருந்தோம்.” பிறகு காரின் பின்னாலிருந்து வந்தவளைப் பார்த்தார். “ஐயையோ, இது யாரு? ஏலே பிச்சையா, ஒம் பொண்டாட்டிக்குப் புருவத்தக் காணும்! எந்த மைலுல விழுந்துது, போய்த் தேடிட்டு வா.”

பிச்சையா திரும்பிப் பார்த்தான். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். முதலாளி சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல ஹாலில் கூட்டம். ஆறுமுகநயினார் கூப்பனை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஞானதீபம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிச்சையா டிரம்மின் அடியிலிருந்து வாரியதை ஒரு தட்டில் கொண்டுவந்து நடுவே வைத்தான். சாம்பல் இல்லை. கண்ணாடி உருகி இறுகியதுபோல் பச்சையும் கருப்புமாகக் கட்டிகள். ஞானதீபம் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு தட்டில் இன்னும் வேகாமல் கிடந்த ஒரு கரித்துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார்.

“உப்பு வே!” கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “உப்பளத்துக்காரர் வண்டிக்குள்ளயும் உப்பு வெளையுது! நெருப்புல உப்பு உருகிக் கரிய எல்லாம் ஒண்ணா ஒட்டிட்டு. எந்த மடையன் வே உம்ம கரிக்கு உப்புப் போட்டான்?”

முகத்தில் தேங்காயெண்ணெய் வழிய, ஒரு கண் மூடி வீங்கிப்போய், உள்கட்டுக் கதவோரம் சீனித்தாய் நின்றிருந்தாள். எண்ணெய் தடவிவிட்ட சண்முகவடிவு அவள் பக்கத்திலேயே நின்றாள்.

ஆறுமுகநயினார் வெற்றிலைத் தட்டைத் தம் பக்கம் இழுத்தார். நிதானமாக ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார்.

“ஏலே பிச்சையா, கரிய எதுலல கட்டி வச்சா ஒம் பொண்டாட்டி?”

ஒன்றும் தெரியாதவர் கேட்பதுபோலவே கேட்டார். பிச்சையா தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலைக்குள் என்ன ஓடியது என்பது சீனித்தாய்க்குத் தெரியும். அவள் அவனையே பார்த்தாள். ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

“உப்புச் சாக்குல கட்டிட்டா மொதலாளி” என்றான் அவன். “வெவரம் கெட்ட கழுத. நான் பாக்காம விட்டுட்டேன்.”

“அதான பாத்தேன்” என்றார் முதலாளி. வெற்றிலை வாய்க்குள் போயிற்று.

சீனித்தாய் வாயைத் திறந்தாள். அதற்குள் சண்முகவடிவு அவள் தோளில் கை வைத்தாள். “போனாப் போவுது, ஏசாதிய. பொம்பளைக்கு என்ன தெரியும், பாவம்” என்று புருஷனிடம் சொன்னாள். செய்யாத தப்புக்கு இப்படி மன்னிப்பும் கிடைத்துவிட்டபிறகு பேச என்ன இருக்கிறது? அந்தக் கை தோளில் மெதுவாகத்தான் இருந்தது. கிணற்றடியில் செம்பு விளக்கிய அதே கை.

பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பையன் அடுத்த வருஷம் சென்னைக்குப் படிக்கப் போவதாலும் தமக்குப் பெரிய கார் ஒன்று வர இருப்பதாலும் ஆஸ்டினைத் தள்ளிவிட நினைத்திருப்பதாகக் கிருபாநிதி சொன்னார். ஆறுமுகநயினார் இரண்டு வெற்றிலை நேரம் யோசித்தார்.

“சின்ன வண்டிதான் இந்தக் காலத்துக்குச் சரி. கூப்பனுக்குள்ள ஓடிரும். செவர்லெயக் கட்டையில ஏத்திருதேன்.”

“நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்” என்றார் கிருபாநிதி.

“டிரைவர மட்டும் விட்டுராதீரும்” என்றார் ஞானதீபம். ஜெயித்தவருக்குத் தாராளம் வந்திருந்தது. “செத்த வண்டியில அம்பது புடிச்சான் பய.”

“இவன நான் ஏன் விடுதேன்? கொட்டகையிலதான் எடம் போதாது. ரெண்டு வண்டி நிக்கணும்லா.” ஆறுமுகநயினார் ஜன்னல் வழியே பார்த்தார். “பின்னால உள்ள அந்த அறைச் செவத்த உடைச்சிட்டா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு நிக்கும். ஏலே, நீ ஒரு கட்டிலப் போட்டுக்கிட்டு வண்டியோடயே படுத்துக்க. இவ ஊருக்குப் போவட்டும். இனி கரி சோலியும் இல்ல. மூஞ்சியும் ஆறணும்லா.”

“சரி மொதலாளி” என்றான் பிச்சையா. அவன் குரலில் வந்த நிம்மதி கதவோரம் வரை கேட்டது.

மறுநாள் காலையிலேயே கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சீனித்தாய் தன் சாமான்களை ஒரு பெட்டிக்குள் அடுக்கினாள். இரண்டு சேலை, ஒரு ஈயச் சட்டி, ஒரு சீப்பு. காயவைத்திருந்த கரி உருண்டைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்? மூலையில் அப்படியே விட்டாள். முகம் தீயாக எரிந்தது. எண்ணெயும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தால் எது எது என்று தெரியாது என்பது ஒரு சௌகரியம்.

வாசலில் ஆஸ்டின் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிச்சையா உள்ளே வந்தான். சுவரில் ஆணியில் தொங்கிய துடைப்புத் துணியைத் தேடினான். அவள் அதைத் துவைத்து மடித்துப் பெட்டிமேல் வைத்திருந்தாள்.

“மத்தியானம் பஸ்ஸு இருக்கு” என்றான், அவளைப் பார்க்காமல். “ஒங்கம்மாகிட்ட, முகம் ஆறினதும் வந்துருவேன்னு சொல்லு.”

“எங்க வர?”

அவன் துணியை உதறினான்.

“ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கேன்” என்றாள் அவள். குரல் உயரவில்லை. சோறு வேண்டுமா என்று கேட்கிற குரல்தான். “வேற யாருகிட்டயும் கேக்கப்போறதில்ல. நீங்க மட்டும் எனக்குச் சொன்னாப் போதும். அப்படியே கட்டுன்னு மொதலாளி சொல்லும்போது, நீங்க எங்கிட்டு நின்னிய?”

வெளியே ஆஸ்டினின் ஹாரன் ஒரு தடவை அடித்தது. சின்ன வண்டிக்குச் சின்னச் சத்தம். பிச்சையா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து நிலைப்படியைத் தாண்டி, வெளியே போனான்.